மஞ்சள் வயரா, ஃபயர்வயரா: மினி டிவி கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு எடுப்பது குறித்து

கேள்வி – 4 அக்டோபர் 2025, காலை

எங்கள் வீட்டில் 2002 முதல் 2009 வரை பதிவான மினி டிவி கேசட்டுகள் 43 இருக்கின்றன. அக்காவின் திருமணம், இரண்டு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம், தாத்தாவின் சதாபிஷேகம் ஆகியவை அவற்றில் உள்ளன. சிலவற்றை ஸ்டூடியோக்காரர் எடுத்தார், மற்றவற்றைச் சித்தப்பா தம்முடைய கையடக்கக் கேமராவில் எடுத்தார். அந்தக் கேமரா இப்போது பழுது. ஊரில் விசாரித்த கடையில், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரை ஒரு யூஎஸ்பி கருவியில் செருகி எம்பி4 ஆக எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஃபயர்வயர் (கேமராவையும் கம்ப்யூட்டரையும் நேரடியாக இணைக்கும் டிஜிட்டல் கேபிள்) வேண்டாமா என்று கேட்டதற்கு, இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய படத்தில் என்ன பெரிய தரம் இருந்துவிடப் போகிறது? எடுத்த பிறகு நானே வெட்டித் தொகுத்து ஒரு மணி நேரப் படமாக்க எண்ணுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 4 அக்டோபர், இரவு

இரண்டும் ஒன்றல்ல. வித்தியாசம் தெரியாது என்று சொன்னவர் இரண்டு விதமாகவும் எடுத்த பட்டுப்புடவையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

1998 முதல் 2011 வரை தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பதும் மிக்ஸிங் (வெட்டித் தொகுப்பது) செய்வதும்தான் என் பிழைப்பு. மினி டிவி 1995இல் சந்தைக்கு வந்த வடிவம் என்றாலும், நான் அதைத் தொட்டபோது 2001 ஆகிவிட்டது. (மினி டிவி என்றதும் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இது டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து வந்து தொலைக்கிறது.)

அந்தக் கால் அங்குல நாடாவில் படம் எண்களாகப் பதிந்திருக்கிறது. கேமரா நொடிக்கு 25 படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி நாடாவில் எழுதியபோதே டிஜிட்டல் வேலை முடிந்துவிட்டது. ஃபயர்வயரில் எடுக்கும்போது அந்த எண்கள் எழுதியது எழுதியபடியே ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து சேருகின்றன. மஞ்சள் வயரில் எடுத்தாலோ, கேமரா அந்த எண்களைப் பிரித்துப் படமாக்கி, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்ப, மறுமுனையில் உள்ள கருவி அதை மறுபடி பிரித்து, மறுபடி எண்ணாக்கி, மறுபடி சுருக்குகிறது. அரக்குச் சிவப்புப் புடவையின் ஜரிகைக் கரையைப் பாருங்கள். சிவப்பு கரையைத் தாண்டி வழிந்திருக்கும். ஜரிகையின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல் ஓடிக்கொண்டிருக்கும். நாடாவில் அந்த எறும்பு கிடையாது.

இன்னொரு இழப்பு உங்களைப் போலத் தொகுக்க நினைப்பவர்களுக்கு முக்கியமானது. ஒவ்வொரு படத்தோடும் பதிவான தேதியும் நேரமும், நாடாவில் அந்தப் படத்தின் இடத்தைக் காட்டும் எண்ணான டைம்கோடும் நாடாவில் இருக்கின்றன. ஃபயர்வயரில் அவை கூடவே வரும். மஞ்சள் வயரில் வராது.

ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜிபி இடம் வேண்டும். டிஜிட்டல் என்பதால் ஒன்று அப்படியே வரும், இல்லையேல் வரவே வராது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு முறை சரியாக எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

5 அக்டோபர்

நேற்று 11 ஜிபி என்று எழுதியது தவறு, 13 ஜிபி. நொடிக்கு 25 மெகாபிட் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு பெருக்கினால் 11 தான் வரும், ஆனால் அது படத்துக்கு மட்டுமான கணக்கு. ஒலியும் தேதி முதலிய துணைத் தகவல்களும் சேர்ந்தால் நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் ஒரு படத்துக்கு 1,44,000 பைட். 25 படத்துக்கு 36 லட்சம் பைட். 43 கேசட்டும் நிரம்பியிருந்தால் 560 ஜிபி வரை ஆகும். இன்று ஒரு டிபி டிஸ்க்கில் அடங்கிவிடும். 2003இல் நான் கடன் வாங்கி வாங்கிய 80 ஜிபி டிஸ்க்கில் ஒரு கல்யாணத்தின் நான்கு கேசட்டை ஏற்றி, ரெண்டருக்கும் (தொகுத்த படத்தை மென்பொருள் புதிதாக எழுதுவதற்கும்) இடம் ஒதுக்கினால், அடுத்த கல்யாணம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

6 அக்டோபர்

என்ன வாங்க வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கேசட்டை ஓட்ட நல்ல நிலையில் உள்ள ஒரு மினி டிவி கேமராவோ டெக்கோ (கேசட்டை ஓட்டும் தனிப் பெட்டி) வேண்டும். கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் கார்டு வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போதும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளது எனக்கு ஒருபோதும் தொல்லை தந்ததில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபயர்வயருக்கான பழைய 1394 டிரைவரைப் போட்டால்தான் பல கேமராக்கள் கண்ணில் படும். பிறகு ஒரு முனையில் நான்கு பின், மறுமுனையில் ஆறு பின் உள்ள கேபிள்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. கேமராவிலேயே யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று அதில் எடுப்பார்கள். அக்காலக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் துளை மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்காக வைத்தது. அதன் வழியே வரும் வீடியோ தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். இரண்டாவது, ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூஎஸ்பியும் வைத்து இருநூறு முந்நூறு ரூபாய்க்கு விற்கும் கேபிள். இரண்டும் பேசும் மொழியே வேறு என்பதால் நடுவில் சிப் எதுவும் இல்லாத வெறும் கம்பி அங்கே ஒன்றும் செய்யாது. அதை வாங்கி ஏமாந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தக் கேபிளால் இன்றைக்குத் துணி உலர்த்துகிறோம் என்பது என் மனைவியின் கூற்று.

கேபிளைச் செருகும்போது இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். ஆறு பின் முனையில் மின்சாரமும் வருகிறது. 2004இல் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு, தூக்கக் கலக்கத்தில் அந்த முனையைத் தலைகீழாக வைத்து அழுத்தினேன். பழைய கார்டு என்பதால் துளையின் தகடு விரிந்து இடம் கொடுத்தது, கேமராவின் ஃபயர்வயர் சிப் போயிற்று. படம் எடுப்பதில் அந்தக் கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதிலிருந்து ஒரு படத்தையும் வெளியே எடுக்க முடியாது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அது எடுத்ததையெல்லாம் நண்பரின் கேமராவில் ஓட்டித்தான் கேப்சர் செய்தேன்.

9 அக்டோபர்

கேசட்டை உள்ளே போடும் முன் செய்ய வேண்டியதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வரிசை தப்பிவிட்டது.

கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடியோ நூலோ படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படிப்பட்ட கேசட்டை நல்ல கேமராவில் போடவே கூடாது; அது நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டையும் கெடுத்து, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில், சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைத்தவைதான் முதலில் போகின்றன.

பூஞ்சை இல்லாத கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள். இருபது ஆண்டு ஒரே நிலையில் இருந்த சுருள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்த உடனே கேசட்டைப் போடாதீர்கள். ஹெட்கள் பொருத்திய சுழலும் உருளையான டிரம்மில் வேர்த்து நாடா அதில் ஒட்டும். பனித்துளி அடையாளம் காட்டி ஒரு மணி நேரம் கேமரா அடம்பிடிப்பது நம்மைக் காப்பாற்றத்தான். ஏசி கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே ஓடிவந்து, அந்தப் பனித்துளியைப் பார்த்துக்கொண்டு நாதஸ்வரக்காரர் பக்கத்தில் சும்மா நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி ஹெட். டிரம் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றுகிறது. அதில் இரண்டு ஹெட்கள் மாறி மாறி நாடாவில் சாய்வான தடங்களை எழுதுகின்றன. ஒரு படத்துக்கு 12 தடம். தடத்தின் அகலம் 10 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஏழெட்டுத் தடம் அடங்கிவிடும். அங்கே ஒரு துளி அழுக்கு வந்து அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2005இல் திருவையாற்றுப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றை கேப்சர் செய்யும்போது பார்த்தேன். இரண்டு ஹெட்களில் ஒன்று அடைத்துக்கொண்டால் ஒன்றுவிட்டு ஒரு தடம் படிக்கப்படாது. ஆகவே திரையில் படம் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிந்து, ஒரு பட்டை நகரும், அடுத்த பட்டை உறைந்து நிற்கும். மாப்பிள்ளையின் கைகள் தாலிக் கயிற்றில் முடிச்சுப் போடுவது ஒரு பட்டையில் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலும் கீழும் அரை நிமிடத்துக்கு முந்தைய ஐயரின் தோளும் தேங்காய்த் தட்டும் அசையாமல் இருந்தன. கெட்டிமேளம் கேட்கிறது, தட்டு அசையவில்லை. என் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

க்ளீனர் கேசட்டைப் பத்து நொடி ஓட்டிவிட்டு மறுபடி போட்டேன். முழுப் படமும் வந்தது. அடைத்திருந்தது படித்த கேமராவின் ஹெட், எழுதிய கேமராவுடையது அல்ல. எழுதும்போதே அடைத்திருந்தால் அந்தப் பாதிப் படம் உலகத்தில் எங்கும் இல்லை. சுத்தம் செய்த பிறகும் அதே கேசட்டின் அதே இடத்தில் மட்டும் பட்டை வந்தால்தான் நம்பிக்கையை விட வேண்டும். க்ளீனர் கேசட்டை அளவுக்கு மீறி ஓட்டாதீர்கள். அது மெல்லிய உப்புத்தாள் போன்றது, ஹெட்டைத் தேய்க்கும்.

9 அக்டோபர், சற்று நேரம் கழித்து

"பூஞ்சைக்குப் பவுடர் போடலாமா" என்று கேட்டவருக்கு: வேண்டாம். சாம்பிராணியும் வேண்டாம்.

14 அக்டோபர்

முதல் நாள் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். "ஒன்று அப்படியே வரும், இல்லையேல் வரவே வராது, நடுவில் ஒன்றும் இல்லை" என்றேன். பதின்மூன்று ஆண்டு தொழில் செய்தவன் என்ற மிதப்பில் எழுதியது அது.

இங்கே ஒருவர் ஒரே கேசட்டை இரண்டு முறை எடுத்ததாகவும், கோப்புகளின் அளவு ஒன்றாகவே இருந்தும் உள்ளடக்கம் பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தார். அவருடைய கேபிள்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, என்னிடம் இருந்த மகளின் முதல் பிறந்தநாள் கேசட்டை நானும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் பொருந்தவில்லை.

காரணம் இதுதான். நாடாவில் தரவோடு பிழைதிருத்தும் குறியீடுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. சிறு கீறல், தூசி என்றால் கேமரா அவற்றைக்கொண்டு கணக்குப் போட்டு இழந்த எண்ணை மீட்டுவிடும். அங்கே நான் சொன்னது சரி. சேதம் அதற்கு மேல் போனால் கேமரா கையை விரிப்பதில்லை. முந்தைய படத்தில் அதே இடத்தில் இருந்த கட்டத்தை எடுத்து இந்தப் படத்தில் ஒட்டி, ஒன்றும் நடக்காததுபோல் அனுப்பிவிடுகிறது. பின்னால் இருப்பது சுவர் என்றால் ஒட்டு கண்ணுக்கே தெரியாது. குழந்தை கையை வீசினால் விரல் நுனியில் ஒரு சதுரம் பின்தங்கி நிற்கும். அடுத்த முறை ஓட்டும்போது நாடா மயிரிழை வேறாக உட்கார்ந்து, அந்த இடம் சரியாக வந்து வேறோர் இடத்தில் ஒட்டு விழும். அதாவது, நடுவில் நிறைய இருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், எங்கெங்கே ஒட்டுப் போட்டேன் என்பதைக் கேமரா அந்தத் தரவிலேயே குறித்து அனுப்புகிறது. ஆவணக் காப்பகங்களில் பயன்படுத்தும் டிவி ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அந்தக் குறிப்புகளைப் படித்து, எந்தப் படத்தில் எத்தனை கட்டம் போலி என்று காட்டும். ஒரே கேசட்டை மூன்று முறை எடுத்துக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் நன்றாக இருக்கும் பகுதிகளைப் பொறுக்கி ஒரே கோப்பாக்கியும் தரும். மகளின் கேசட்டில் முதல் முறை 212 படங்களில் ஒட்டு இருந்தது; மூன்றைச் சேர்த்தபின் 9 ஆகக் குறைந்தது. அந்த 9 படமும் மெழுகுவர்த்தி ஊதும் இடத்தில்தான் இருக்க வேண்டுமா?

15 அக்டோபர்

பாவம், மஞ்சள் வயர் மேலும் கொஞ்சம் அதிகமாகவே பழி போட்டுவிட்டேன். பால் முறை மினி டிவியில் நிறம் மட்டும் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி அளவுக்கே பதியப்படுகிறது. ஆகவே அரக்குச் சிவப்பின் ஓரம் நாடாவிலேயே சற்று மழுங்கலாகத்தான் இருக்கும். எறும்புகள் மட்டும் முழுக்க மஞ்சள் வயருடையவை.

19 அக்டோபர்

கேள்வி கேட்டவர் சித்தப்பாவின் கேசட்டுகளில் ஆறு மட்டும் வேறு கேமராவில் ஓட்டினால் சதுரம் சதுரமாகச் சிதறுகின்றன என்கிறார். உறையில் 60 நிமிடம் என்று அச்சிட்டிருந்தும், சித்தப்பா பேனாவால் "90" என்று எழுதியிருக்கிறாராம். அங்கேயே விடை இருக்கிறது. அவர் எல்பி (லாங் பிளே) முறையில் எடுத்திருக்கிறார்.

எல்பியில் நாடா மெதுவாக, நொடிக்கு 18.8 மில்லிமீட்டருக்குப் பதில் 12.6 மில்லிமீட்டராக நகரும். ஒரு மணி நேரக் கேசட்டில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். படத்தின் தரம் எண்ணளவில் குறையாது, அதே 25 மெகாபிட்தான். குறைவது தடத்தின் அகலம்: 10 மைக்ரானாக இருந்தது 6.7 ஆகிவிடுகிறது. எழுதிய கேமராவின் ஹெட் எந்தச் சாய்வில் எழுதியதோ அந்தச் சாய்விலேயே படித்தால்தான் அந்த ஒல்லித் தடம் பிடிபடும். வேறு கேமராவின் நாடா வழிகாட்டிகள் இம்மியளவு விலகியிருந்தாலும் ஹெட் பக்கத்துத் தடத்தில் கால் வைத்துவிடும். தொழில்முறை டெக்குகள் பலவற்றில் எல்பி ஓடவே ஓடாது.

ஆகவே அந்தப் பழுதான கேமராவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் அதைத்தான் சரிசெய்யப் பாருங்கள். அதன் ஹெட் தேயாமல், பெல்ட்டோ கேசட் ஏற்றும் பொறியோ மட்டும் பழுதாகியிருந்தால், அந்த ஆறு கேசட்டுக்கும் உலகிலேயே பொருத்தமான இயந்திரம் அதுதான்.

ஸ்டூடியோக்காரர் கொடுத்தவற்றில் வேறொரு சிக்கல் வரலாம். நாங்கள் சிலர் பிடி150, பிடி170 போன்ற கேமராக்களில் டிவிகேம் (DVCAM) என்ற தொழில்முறைப் பதிவு முறையில் எடுத்தோம். அதில் தடம் 15 மைக்ரான், நாடா வேகமாக ஓடும், அதனால் 60 நிமிடக் கேசட்டில் 40 நிமிடம்தான் வரும். வீட்டுக் கேமராக்களில் சில அதைப் படிக்கும், சில படிக்காது. வெறும் நீலத் திரை வந்தால் கேசட் காலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

23 அக்டோபர்

தீபாவளிக்கு வந்த மைத்துனர் புது ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதன் இயங்குதளமான மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள் என்று காட்டியபிறகு அதிரசம் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பழைய மேக் இருப்பவர்கள் இதற்கென்றே அதைப் புதுப்பிக்காமல் வைத்திருங்கள். லினக்ஸில் இன்னும் இருக்கிறது, 2029 வரை வைத்திருப்பதாகத் திட்டம். அதில் டிவிகிராப் என்ற கட்டளை போதும்.

27 அக்டோபர்

தொகுப்பது பற்றி இனி.

டைம்கோடு நாடாவின் தொடக்கத்தில் பூஜ்யத்தில் தொடங்கி ஓடிக்கொண்டே வரும். ஒரு காட்சியை எடுத்து முடித்து, அதைச் சரிபார்க்கத் திரும்பச் சுற்றி, பிறகு பதிந்த இடத்தின் முடிவைத் தாண்டி வெற்று நாடாவில் இரண்டு நொடி தள்ளி மறுபடி பதியத் தொடங்கினால், கேமரா முந்தைய எண்ணைக் காணாமல் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கேசட்டில் ஐந்தாவது நிமிடம் என்று மூன்று இடம் இருக்கும். கேப்சர் மென்பொருள் முதலாவதற்குப் போய் நின்று, தவறானதை எடுத்துத் தரும், அல்லது அந்த இடைவெளியில் நின்றுவிடும். அதைத் தவிர்க்க நாங்கள் புதுக் கேசட் பிரித்ததும் லென்ஸை மூடியபடியே ஒரு மணி நேரம் கறுப்பைப் பதிந்து வைப்பதுண்டு. எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருந்ததில்லை. உங்களுக்கு நான் சொல்வது, டைம்கோடை நம்பி எடுக்காமல் முழுக் கேசட்டையும் ஒரே ஓட்டமாக எடுத்து, பதிவுத் தேதியையும் நேரத்தையும் வைத்துப் பிரியுங்கள். வின்டிவி என்ற சிறு மென்பொருள், நேரம் துள்ளும் இடத்திலெல்லாம் தானாகவே புதுக் கோப்புத் தொடங்கிவிடும். கேமராவின் உள்பேட்டரி செத்திருந்தால் தேதி அபத்தமாக இருக்கும்; அப்போதும் துள்ளல் துள்ளல்தான்.

இந்தத் தேதியைப் பற்றி எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் கேசட்டைத் திரும்பப் பயன்படுத்துவது சாதாரணம். மிக்ஸிங் முடிந்து டிவிடி கொடுத்த பிறகு, வாடிக்கையாளர் கேட்டாலொழிய மூலக் கேசட்டைக் கொடுக்க மாட்டோம். அடுத்த முகூர்த்தத்துக்கு அதன்மேலேயே பதிவோம். மூன்று நான்கு கல்யாணம் கண்ட கேசட்டுகள் என்னிடமே இருந்தன. நூறு நூற்றைம்பது ரூபாய்க் கேசட்டில் மிச்சம் பிடித்தோம். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இன்று அந்தக் குடும்பங்கள் தேய்ந்த டிவிடியைக் கொண்டுவந்து, மூலம் இருக்கிறதா என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. டிவிடியில் இருப்பது பலமடங்கு நசுக்கிய படம், அதிலும் என்னுடைய ரோஜா இதழ் கிராபிக்ஸோடு.

2 நவம்பர்

மூன்று விஷயம் விட்டுப்போனது.

படத்தின் வரிகள் ஒற்றை, இரட்டை என்று இரு பாதியாகப் பதிவாகின்றன. மினி டிவியில் இரட்டை வரிப் பாதி முதலில் வரும். அதே ஃபயர்வயரில் வரும், அதே கேசட்டில் பதியும் உயர்தெளிவு வடிவமான எச்டிவியில் (HDV) ஒற்றை வரிப் பாதி முதலில். 2007இல் இரண்டு கேமராப் படத்தையும் ஒரே டைம்லைனில் கலந்து, வரிசை மாறியதைக் கவனிக்காமல் டிவிடி போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பெண் வீட்டாரின் 29 அங்குலத் தொலைக்காட்சியில் மணமக்கள் மலேரியா வந்தவர்களைப் போல நடுங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் வீட்டுக்கே வந்தார். ஆகவே மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக நிரப்பி நொடிக்கு 50 படமாக்குங்கள். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும், கரகாட்டம் தட்டுத் தடுமாறும்.

வெட்டி ஒட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். மினி டிவியில் ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால் எந்த இடத்தில் வெட்டினாலும் மறுபடி சுருக்க வேண்டியதில்லை. எழுத்தோ நிறமாற்றமோ சேர்த்த இடத்தை மட்டுமே மென்பொருள் புதிதாக ரெண்டர் செய்யும். எச்டிவியில் அந்த வசதி கிடையாது. பன்னிரண்டு படங்கள் ஒரு கட்டாகப் பின்னிக்கிடக்கும், நாடாவில் ஒரு கீறல் விழுந்தால் அரை நொடி அப்படியே போய்விடும்.

ஒலி. வீட்டுக் கேமராக்கள் பல கடையிலிருந்து வரும்போதே 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் என்று வைக்கப்பட்டிருக்கும். சித்தப்பா அதை மாற்றியிருக்க வாய்ப்பில்லை. ஸ்டூடியோக் கேசட்டுகள் 16 பிட், 48 ஆக இருக்கும். இரண்டையும் ஒரே டைம்லைனில் போடும் முன் ஒலியை 48க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் சில மென்பொருள்களில் பேச்சு உதட்டைவிட்டு நழுவும். தானியங்கி ஒலியளவு செய்த கோளாறை மட்டும் சரிசெய்ய முடியாது. தவில் விழும் ஒவ்வொரு அடிக்கும் நாதஸ்வரம் பயந்து பின்வாங்கி, மெல்ல மெல்லத் திரும்பி வரும். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவின் ராகமே அதுதான்.

23 நவம்பர் – கேள்வி கேட்டவர்

31 கேசட்டுகள் முடிந்தன. கேமராவுக்கு பெல்ட் மாற்றியதும் எல்பி கேசட்டுகள் ஆறில் ஐந்து சுத்தமாக வந்தன. ஒன்று கேட்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் கொடுத்த சதாபிஷேகக் கேசட் 51ஆம் நிமிடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு, ஒரு நொடி சதுரங்கள் சிதறிய பின், யாரென்றே தெரியாத ஒரு கல்யாணம் ஒன்பது நிமிடம் ஓடுகிறது. பந்தி, தாம்பூலப் பை கொடுப்பது, மணமகள் காரில் ஏறுவது. இதை அழித்துவிடலாமா?

23 நவம்பர், இரவு

அழிக்காதீர்கள். நான் சொன்ன பழைய பதிவின் வால் அதுதான், உங்கள் தாத்தாவுக்கு முன் அந்தக் கேசட்டில் இருந்த குடும்பம். முன்பு பதிந்ததும் முதலிலிருந்தே பதிந்தது என்பதால் டைம்கோடு ஏறத்தாழ தொடர்ந்தே வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தேதி மட்டும் திடீரென்று பின்னோக்கிப் போயிருக்கும். வின்டிவியில் எடுத்திருந்தால் அந்த ஒன்பது நிமிடம் தனிக் கோப்பாகவே விழுந்திருக்கும், அதைத் தொடாமல் வையுங்கள்.

அந்தக் கோப்பின் பதிவுத் தேதியைப் பாருங்கள். தாம்பூலப் பையில் பெயர் அச்சிட்டிருப்பார்கள், படத்தை நிறுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்தினால் எங்காவது ஒரு பை கேமராவுக்கு நேரே திரும்பும். மண்டபத்தின் பெயர்ப் பலகை கார் ஏறும் இடத்தில் பின்னால் தெரிகிறதா என்றும் பாருங்கள். கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம், தனியாக எனக்கு அனுப்புங்கள். அந்த ஸ்டூடியோக்காரர் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் பழைய ஆர்டர் நோட்டு இருக்கும். நாங்கள் கேசட்டைத்தான் அழித்தோம், நோட்டை யாரும் தூக்கிப்போட்டதில்லை.